லினக்சில் எதனைத் தேர்வது?
பிணைய மேலாண்மை பயில விரும்புவோர்க்கு ஒரு விளக்கம்

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இடப்பெற்ற ஆண்டு 1870. அக்கம்பி பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை நீண்டது. அதுவரை கப்பலேறி வந்த செய்தி, அதன்பின் கடலுக்கடியில் ஓடிவந்து ஜார்ஜ் டவுனை எட்டியது. அந்நாள் தொட்டு இத்தீவு செய்தி வழிகளின் சந்தியாகவே விளங்கி வருகிறது. 2016இல் பயனுக்கு வந்த 'வங்காள விரிகுடா நுழைவாயில்' என்னும் ஒளியிழைக் கம்பியும் ஓமானில் தொடங்கி, மும்பை, இலங்கை, சென்னை ஆகிய இடங்களைத் தொட்டுப் பினாங்கிலே வந்து கரையேறுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கம்பி மாறியிருக்கிறது, கரை மாறவில்லை.

கம்பி கரையேறும் ஊரில் அதனை ஆளும் கல்வியும் வளர்ந்தது. பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் 1972இல் தொழிற்சாலை தொடங்கியது. மின்டனில் அமைந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005இல் தேசிய ஐ.பி.வி.6 உயர் மையம் நிறுவப்பெற்றது. உலகிலுள்ள கணிப்பொறிகளுக்கு முகவரி பற்றாமற் போகும் நிலையை எதிர்நோக்கி எழுந்த ஆய்வு மையம் அது. பழைய முறையில் ஒரு முகவரி 32 இரும எண்களால் ஆனது. ஆகவே ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. புதிய முறையில் 128 இரும எண்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலில் தீர்ந்ததை நோக்கின், மையம் தோன்றிய காலத்தின் பொருத்தம் விளங்கும்.

இவ்வாறிருக்க, நம் தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளி முடித்த இளைஞர் ஒருவர், தம் பழைய ஆசிரியரிடம் வந்து, "பிணைய மேலாண்மை கற்க விரும்புகிறேன், லினக்ஸ் கற்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் லினக்சிலேயே நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றனவே! எதனைக் கற்பது?" என்று கேட்கிறார் எனக் கொள்வோம். "இது என் துறையன்று" என்று ஆசிரியர் கூறிவிடலாம். ஆனால் அம்மாணவர் அடுத்து என்ன செய்வார்? திங்களுக்கு ஒன்றாக வகையை மாற்றி மாற்றி நிறுவிப் பார்ப்பார். ஓராண்டு கழியும். திரையின் வண்ணமும் அழகும் மாறியிருக்கும். பிணையம் பற்றிய அறிவு தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இவ்வாறு வீணாகும் ஓராண்டைக் காப்பதற்கு, கேள்வியின் இயல்பை ஆசிரியர் அறிந்திருந்தாற் போதும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலமும் உரையும்

லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு முழுமையான இயக்க முறைமையின் பெயரன்று. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்ட கருனிக்கே அப்பெயர். கருனியாவது, கணிப்பொறியின் உறுப்புகளை நேரே ஆளும் உட்கூறு. நினைவகத்தைப் பங்கிடுவதும், வட்டில் எழுதுவதும், பிணையக் கம்பியில் செய்தியை அனுப்புவதும் பெறுவதும் அதன் பணிகள்.

கருனி மட்டும் இருந்தால் மனிதர்க்குப் பயன்படாது. கட்டளைகளை ஏற்கும் கருவிகள், நிறுவும் செயலிகள், சேவைகள், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகிய யாவற்றையும் அதனோடு சேர்த்துக் கட்டி, ஒரு முறைப்படி வெளியிடுவோர் உளர். அவ்வாறு கட்டி வெளியிடப்படும் முழுத்தொகுதிக்கே 'வழங்கல்' என்று பெயர். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993இல் தோன்றிய பழைய வழங்கல்கள். ரெட் ஹேட் அதனையடுத்து வந்தது. உபுண்டு 2004இல் டெபியனை அடியொற்றி எழுந்தது.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியம் ஒன்றே, ஆனால் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என உரைகள் பல. திருக்குறள் ஒன்றே, ஆனால் அதிகாரத்துள் குறட்பாக்களின் வரிசையில் மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுவர். உரை வேறுபடுவதால் மூலம் வேறாகிவிடுவதில்லை. கருனியை மூலமாகவும், வழங்கலை உரையோடு கூடிய பதிப்பாகவும் கொண்டால் பெரும்பகுதி தெளிவாகும். ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: நூலின் உரை எழுதி முடிந்தபின் மாறுவதில்லை, வழங்கலோ நாள்தோறும் திருத்தம் பெறுவது. திருத்தம் நின்றுபோன வழங்கலைப் பயன்படுத்துதல், பூட்டுப் பழுதான வீட்டில் குடியிருப்பது போன்றதாகும். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

எனவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. பிணையக் கல்வியில் மூலத்தைச் சார்ந்தது எது? உரையைச் சார்ந்தது எது? இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு பயிற்சியைச் செய்து பார்ப்பதே நேரான வழி.

மூன்று கணிப்பொறிகள், இரண்டு அறைகள்

ஒரு பள்ளியில் இரண்டு அறைகள் உள்ளன. முதல் அறையின் கணிப்பொறிகளுக்கு 192.168.10 எனத் தொடங்கும் முகவரிகள்; இரண்டாம் அறைக்கு 192.168.20 எனத் தொடங்குவன. இரண்டுக்கும் நடுவே ஒரு கணிப்பொறியை வைத்து, அதில் இரண்டு பிணைய அட்டைகளைப் பொருத்தி, ஒன்றுக்கு 192.168.10.1 என்றும் மற்றொன்றுக்கு 192.168.20.1 என்றும் முகவரி இடுகிறோம். இதுவே நம் திசைவி. ரௌட்டர் என மக்கள் வழங்குவது இதனையே. முதல் அறையில் 192.168.10.2 என்னும் கணிப்பொறி உள்ளது. 'என் அறைக்கு அப்பால் செல்ல வேண்டிய யாவும் 10.1 வழியே செல்க' என்று அதற்குச் சொல்லிவிட்டோம். இரண்டாம் அறையில் 192.168.20.2 உள்ளது.

இனி முதல் அறையிலிருந்து 'பிங்' என்னும் கட்டளையால் 20.1ஐ அழைக்கிறோம். மறுமொழி வருகிறது. மாணவர் மகிழ்ந்து, அடுத்த அறையை எட்டிவிட்டோம் என்கிறார். அடுத்து 20.2ஐ அழைக்கிறோம். மறுமொழி இல்லை. ஏன்?

20.1 என்பது அடுத்த அறையை நோக்கிய முகவரியேயாயினும், அது திசைவிக்கு உரியது. வாயிற்காவலன் தன் பெயரைச் சொல்லி அழைத்ததும் குரல் கொடுத்தான்; அவ்வளவே. அவன் யாரையும் உள்ளே விடவில்லை. லினக்ஸ் கருனி, ஒரு பக்கம் வந்த பொட்டலத்தை மறு பக்கம் கடத்துவதை இயல்பாகச் செய்வதில்லை. கடத்துக என்று நாம் ஆணையிட வேண்டும். கருனியின் அமைப்பில் 0 என இருக்கும் ஒரு மதிப்பை 1 என மாற்றுவதே அவ்வாணை.

மாற்றிவிட்டு மீண்டும் அழைக்கிறோம். இப்பொழுதும் மறுமொழி இல்லை! மாணவர் சோர்வடைகிறார்; "இந்த வழங்கல் சரியில்லை, வேறொன்றை நிறுவலாம்" என்று எண்ணும் இடம் இதுவே. பொறுத்திருந்து, 20.2இல் 'டிசிபி டம்ப்' என்னும் கருவியை இயக்கிக் கம்பியில் வருவதை நோக்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்து சேர்வது கண்ணெதிரே தெரிகிறது, மறுமொழிதான் புறப்படவில்லை. ஏனெனில் 20.2க்கு முதல் அறைக்குச் செல்லும் வழியை யாரும் சொல்லவில்லை. கடிதம் வந்தது; மறுமொழி எழுதுவதற்கும் ஆயத்தம்; ஆனால் எந்தத் தபால் நிலையத்தில் சேர்ப்பது என்பது தெரியவில்லை. 'அறைக்கு அப்பால் செல்வன யாவும் 20.1 வழியே செல்க' என்று அதற்கும் ஒரு வரி எழுதியவுடன் இரண்டு அறைகளும் பேசத் தொடங்குகின்றன.

இந்த ஒரு பயிற்சியில் மாணவர் கற்றது என்ன? செல்லும் வழியும் திரும்பும் வழியும் தனித்தனியே அமைதல் வேண்டும். ஒரு கருவி மறுமொழி தருவதால் அதற்கு அப்பால் உள்ளது வாழ்கிறது என்று முடிவு கட்டலாகாது. ஊகித்து மாற்றுவதினும், கம்பியில் நிகழ்வதைப் பார்த்துப் பின் மாற்றுவதே முறை. பிணைய மேலாளரின் கல்வியில் பெரும்பகுதி இவையே. இவற்றுள் ஒன்றேனும் டெபியனில் ஒருவாறும் ரெட் ஹேட்டில் வேறொருவாறும் நிகழ்வதில்லை. இவை மூலத்தைச் சார்ந்தவை.

வேற்றுமை எங்கே தொடங்குகிறது?

பயிற்சி முடிந்ததும் கணிப்பொறிகளை அணைத்து மீண்டும் இயக்குங்கள். எழுதிய முகவரிகள் யாவும் மறைந்திருக்கும். கட்டளையால் இட்டவை அப்பொழுதைக்கு மட்டுமே. நிலைத்திருக்க வேண்டுவன கோப்பில் எழுதப்படல் வேண்டும். எந்தக் கோப்பில் எழுதுவது என்ற இடத்திலேதான் வழங்கல்கள் பிரிகின்றன.

டெபியனைத் திரை அலங்காரம் இன்றிச் சேவையகமாக நிறுவினால், முகவரிகள் ஓர் எளிய உரைக்கோப்பில் அமைகின்றன. நான்கைந்து வரிகள், படித்தவுடன் பொருள் விளங்கும். உபுண்டுவில் 'நெட்பிளான்' என்னும் ஏற்பாடு உண்டு. நாம் எழுதுவதை அது வாங்கி உள்ளிருக்கும் வேறொரு சேவைக்கு மாற்றித் தருகிறது. அக்கோப்பில் வரியின் முன்னுள்ள இடைவெளி பிழைத்தாலும் பொருள் பிழைக்கும். ரெட் ஹேட் குடும்பத்தில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்னும் சேவையே யாவற்றையும் ஆள்கிறது. கோப்பைத் தொடாமல் அதன் கட்டளைகளால் எழுதுவதே அங்கு வழக்கம்.

இரண்டாவது வேற்றுமை, மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் முறை. டெபியனும் உபுண்டுவும் 'ஆப்ட்' என்னும் கருவியைக் கொண்டவை. ரெட் ஹேட் குடும்பம் 'டி.என்.எஃப்.' என்பதைக் கொண்டது. செய்யும் வேலை ஒன்றே. ஒரு பிற்பகலில் பழகிவிடலாம்.

மூன்றாவது, தீயரண். வேண்டாத பொட்டலங்களைத் தடுத்து நிறுத்தும் விதிகளுக்கு இப்பெயர். உபுண்டுவில் 'யூ.எஃப்.டபிள்யூ.', ரெட் ஹேட்டில் 'ஃபயர்வால்டி' எனக் கருவிகள் வேறுபடினும், இவ்விரண்டும் இறுதியில் கருனிக்குள் உள்ள ஒரே வடிகட்டியையே இயக்குகின்றன.

நான்காவது சற்று ஆழமானது. ரெட் ஹேட் குடும்பத்தில் 'எஸ்.இ. லினக்ஸ்' என்னும் காவல் முறை தொடக்கம் முதலே விழித்திருக்கும். சேவை சரியாக அமைந்தும், தீயரண் திறந்திருந்தும், கோப்பின்மீது உரிய அடையாளம் இல்லாவிடின் அது தடுத்துவிடும். பழகாதவர் இதனை அணைத்துவிட விரைவர். அவ்வாறு செய்யாது, அது ஏன் தடுத்தது என்று பதிவேட்டில் பார்த்தறிவதே கல்வி. ஆயினும் தொடக்கநிலை மாணவர்க்கு இது இரண்டாம் ஆண்டுப் பாடமாக இருப்பது நலம்.

வழங்கலுக்கும் ஆயுள் உண்டு

இனி முன்னர்க் குறித்த செய்திக்கு வருவோம். ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்குக் கட்டணம் உண்டு. அதன் மூலநிரலைக் கொண்டே, கட்டணமின்றிக் கட்டப்பெற்று 2004 முதல் வழங்கிவந்தது சென்டோஸ். உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் அதனை நம்பியிருந்தன. அதன் 8ஆம் பதிப்பு 2019இல் வெளிவந்தபோது பத்தாண்டுத் திருத்தம் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2020 டிசம்பரில், அடுத்த ஆண்டு இறுதியோடு அப்பதிப்பு நிற்கும் என்று ரெட் ஹேட் அறிவித்தது; அவ்வாறே 2021 டிசம்பர் 31இல் நின்றது. பழைய 7ஆம் பதிப்பும் 2024 ஜூன் 30இல் முடிவுற்றது. அவ்விடத்தை நிரப்ப 2021இல் எழுந்தவையே அல்மாலினக்சும் ராக்கி லினக்சும்.

இதனால் பாதிப்புற்றோர் எவர்? சென்டோசில் எந்தக் கோப்பு எங்கிருக்கிறது என்பதை மட்டும் மனப்பாடம் செய்தோர் கலங்கினர். பிணையம் இயங்கும் முறையை அறிந்தோர் வேறொன்றுக்கு மாறி வேலையைத் தொடர்ந்தனர். கற்கும் பொருளுக்கும் கருவிக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. இன்றும் சில பழைய பாடநூல்களில் சென்டோசே எடுத்துக்காட்டாக இருக்கும். அந்நூல்களை எறிந்துவிட வேண்டா. அல்மாலினக்சையோ ராக்கியையோ கொண்டு அப்பயிற்சிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்துகொள்ளலாம்.

கையில் உள்ள கணிப்பொறி எத்தகையது?

புதுக் கணிப்பொறி வாங்கித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் பழையவையே இப்பயிற்சிக்குப் போதும். ஆயினும் தேர்வில் இதற்கும் இடமுண்டு. திரை அலங்காரம் இல்லாத டெபியன் 512 மெகாபைட் நினைவகத்தில் இயங்கும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பு 64 பிட் கணிப்பொறியை வேண்டுவது. மிகப்பழைய 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவத்தக்க இறுதிப் பதிப்பு 12ஆவதே. ரெட் ஹேட்டின் 10ஆம் பதிப்போ, இன்டெல் வகையில் ஏறத்தாழ 2013க்குப் பிற்பட்ட செயலிகளையே ஏற்கிறது. ராக்கியும் அவ்வாறே; அல்மாலினக்ஸ் மட்டும் சற்றுப் பழைய செயலிகளுக்கும் தனியாக ஒரு கட்டமைப்பை வழங்குகிறது.

ஓரளவு புதிய கணிப்பொறி, 8 கிகாபைட் நினைவகத்தோடு இருக்குமாயின், மூன்று கணிப்பொறிகளும் வேண்டா. வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற செயலியால் ஒன்றனுள்ளே மூன்று மெய்நிகர் கணிப்பொறிகளை அமைத்து, மேற்கூறிய இரண்டு அறைகளையும் அதனுள்ளே கட்டிவிடலாம். பிழை செய்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அஞ்சாமல் பிழை செய்வதற்கு இடமிருப்பது கற்பவர்க்குப் பெரும்பேறு.

கவர்ச்சியும் பயனும்

மாணவர் பலர் 'காலி' என்னும் வழங்கலை விரும்புகின்றனர். திரைப்படங்களில் காணும் கணிப்பொறி ஊடுருவலின் நினைவே காரணம். காலி தீய பொருளன்று. பாதுகாப்பைச் சோதிக்கும் தொழிலோர்க்கென டெபியன்மீது கட்டப்பெற்ற கருவிப்பெட்டி அது. ஆனால் வீடு கட்டக் கற்காதவருக்குச் சுவரின் வலிமையைச் சோதிக்கும் கருவியால் பயனில்லை. அன்றியும், பிறர் கணிப்பொறியுள் இசைவின்றி நுழைதல் மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். விளையாட்டாகச் செய்தேன் என்பது விடையாகாது.

'ஆர்ச்' போன்ற வழங்கல்கள் வேறு வகை. அவற்றுக்குப் பதிப்பு எண் இல்லை. நாள்தோறும் புதுமை வந்துகொண்டேயிருக்கும். அவற்றின் விளக்க ஏடுகள் மிகச் சிறந்தவை. எவ்வழங்கலைப் பயில்வோரும் அவற்றைப் படித்துப் பயன் கொள்ளலாம். ஆனால் சென்ற வாரம் செய்த பயிற்சி இவ்வாரமும் அவ்வாறே நிகழ வேண்டிய தொடக்கநிலையில், நிலையாக நிற்கும் வழங்கலே ஏற்றது.

எனவே கொள்ளத்தக்கது யாது?

முதலில் டெபியன். காரணங்கள் மூன்று: கட்டணமும் தனி நிறுவனத்தின் விருப்பு வெறுப்பும் சாராது தன்னார்வலர்களால் நடத்தப்பெறுவது, ஒரு பதிப்பு ஏறத்தாழ ஐந்தாண்டு திருத்தம் பெறுவது, பிணைய அமைப்பு எளிய கோப்பில் வெளிப்படையாக இருப்பது. அதனை நிறுவும் செயலியின் வரைகலைத் திரையில் தமிழும் ஒரு மொழியாக உண்டு என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பைக் கொண்டு தொடங்கினாலும் தவறில்லை. இரண்டும் ஒரு குடும்பம்.

ஆறு திங்கள் அதில் ஊன்றியபின், அல்மாலினக்சையோ ராக்கியையோ எடுத்து, முன்செய்த அதே பயிற்சிகளை அங்கே மீண்டும் செய்தல் வேண்டும். தொழிலகங்களில் ரெட் ஹேட் குடும்பம் பரவலாக இருப்பதால் வேலை நாடுவோர்க்கு இது இன்றியமையாதது. மேலும், ஒரே பாடத்தை இரண்டு உரைகளில் படித்தவர்க்கே மூலம் இன்னது, உரை இன்னது என்பது தெளியும்.

பயிற்சியின் வரிசையும் கூறுவோம். முதலில் இரண்டு அறைகளை இணைத்தல், பின்பு முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை, அடுத்துப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் சேவை, அதன்பின் தீயரண், பின்னர் இவை யாவற்றையும் ஐ.பி.வி.6 முகவரிகளால் மீண்டும் அமைத்தல். இவற்றுள் எதனையும் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் உண்மைப் பிணையத்தில் செய்து பார்க்கலாகாது. மாணவர் இயக்கிய முகவரிச் சேவை, பள்ளிக்குரியதை முந்திக்கொண்டு தவறான முகவரிகளை வழங்கினால், ஒரு காலைப்பொழுதில் பள்ளி முழுவதும் செயலற்றுவிடும். பயிற்சிப் பிணையம் தனித்தே நிற்றல் வேண்டும்.

ஆசிரியரின் பங்கு

இறுதியாகத் தமிழாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். மாணவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பயிற்சியையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இன்னது செய்தேன், இது நிகழும் என எதிர்பார்த்தேன், நிகழ்ந்தது இது, காரணம் இதுவெனக் கண்டேன் என்னும் நான்கு வரிகள் போதும். திசைவி, நுழைவாயில், தீயரண் என்னும் சொற்கள் அகராதியில் உறங்குவதை விடுத்து அவர் கையில் உழைக்கத் தொடங்கும். பொருத்தமான சொல் கிட்டாத இடத்தில் மக்கள் வழங்கும் சொல்லையே தமிழெழுத்தில் எழுதட்டும்; குறையொன்றுமில்லை.

அக்குறிப்பேட்டைத் திருத்துவதற்கு ஆசிரியர் லினக்ஸ் அறிந்திருக்க வேண்டுவதில்லை. 'காரணம்' என்னும் வரி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாற் போதும். தெளிவில்லையேல் மாணவருக்கு அது விளங்கவில்லை என்பது பொருள். மீண்டும் செய்து பார்க்கச் சொல்லலாம். எதனைக் கற்பது என்று கேட்டு வந்தவர்க்கு, 'டெபியனில் தொடங்கு. ஆறு திங்கள் மாற்றாதே. செய்ததைத் தமிழில் எழுதிக் கொண்டு வா' என்று கூறினால், அது போதிய விடையாகும்.